ஈரம் காயாத தோல்: மலைக்குதிரை ஒன்றின் சிகிச்சை நினைவுகள்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் செல்லும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சாலையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் மட்டக்குதிரைகள், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் வாழ்பவை. எனினும் அவற்றின் தோலைக் கெடுப்பதில் அந்த உயரத்தின் குளிரைவிட ஈரத்துக்கே பங்கு பெரிது. ஏப்ரல், மே மாதங்களின் கோடைமழையும், ஐப்பசி, கார்த்திகையில் வலுத்துப் பெய்யும் வடகிழக்குப் பருவமழையும், மழை ஓய்ந்த நாள்களிலும் இறங்கிவரும் மூடுபனியும் சேர்ந்து, குதிரையின் மயிர் அடிவரை உலர்வதற்கு நேரமே கொடுப்பதில்லை. இந்த ஈரத்தைப் பற்றிக்கொண்டு வரும் தோல்நோய்களுள் முதன்மையானது டெர்மடோஃபிலோசிஸ். குதிரைக்காரர்கள் இதனையும், உண்ணியால் வரும் அரிப்பையும், பூஞ்சையால் வரும் படர்தாமரையையும் வேறுபடுத்தாமல் சொறி என்றே குறிப்பிடுவதால், ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்குப் போய்ச்சேர்வது வழக்கமாக இருக்கிறது.

இக்கட்டுரையாளர் பழனி மலைப்பகுதியில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய ஆண்டுகளில் பல குதிரைகளின் தோல்நோய்களைக் கண்டவர். அவற்றுள் ஒரு செவலைப் பெண்குதிரைக்கு அளித்த சிகிச்சை, நோயின் இயல்பையும், அந்த நோயை நீடிக்கச் செய்யும் வாழ்க்கைச் சூழலையும் ஒருங்கே விளங்கவைத்ததாக அவருடைய நினைவில் நிலைத்திருக்கிறது. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில், குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையில் வாங்கப்பட்டு மலையேறிய அந்தக் குதிரை, சமவெளி வெயிலில் வளர்ந்தது. பின்னங்கால்கள் இரண்டும் முழங்கால் அளவுக்கு வெண்மையானவை. அது மலைக்கு வந்த சில மாதங்களிலேயே பருவமழை பிடித்துக்கொண்டது.

நோயின் காரணியான டெர்மடோஃபிலஸ் காங்கோலென்சிஸ் என்னும் நுண்ணுயிரி, அன்றைய பெல்ஜியன் காங்கோவில் மாடுகளிடம் கண்டறியப்பட்டு, 1915-ஆம் ஆண்டில் வான் சாசெகெம் என்ற கால்நடை மருத்துவரால் விவரிக்கப்பட்டது. பூஞ்சையைப்போல இழை இழையாகக் கிளைத்து வளர்ந்தாலும் இது பூஞ்சையன்று. ஆக்டினோமைசீட்டுகள் எனப்படும் இழைவடிவப் பாக்டீரியாக்களின் இனத்தைச் சேர்ந்தது. ஆகையால் பூஞ்சைக்கொல்லி மருந்துகள் இதனைத் தொடுவதில்லை. இதன் இழைகள் முதிர்ந்ததும் குறுக்கிலும் நெடுக்கிலும் பிளவுபட்டு உருண்டையான செல்களாகின்றன; நீர்பட்டதும் இச்செல்கள் நீந்தும் ஆற்றலுள்ள வித்துகளாக வெளியேறித் தோலின் வேறிடங்களைத் தேடிச் செல்கின்றன. தோலிலிருந்து கசியும் கரியமில வாயுவை நோக்கி இவை ஈர்க்கப்படுகின்றன என்பதும் அறியப்பட்ட செய்தி. நீர் வற்றினால் பொருக்கினுள் அடங்கிக் கிடந்து, பல மாதங்கள் கழித்து மீண்டும் நனையும்போது உயிர்ப்புடன் எழக்கூடியவை இவை.

ஆரோக்கியமான தோலில் இந்த வித்துகள் எளிதில் காலூன்ற முடியாது. மயிரின் அடர்த்தி, தோற்சுரப்பிகளின் மெழுகுப்படலம், மேல்தோலின் இறுகிய உயிரற்ற அடுக்கு ஆகிய மூன்றும் தடுப்பாக நிற்கின்றன. இடைவிடாத நனைவு இம்மூன்றையும் தளர்த்திவிடுகிறது. சேணத்தின் உராய்வும் ஈக்கடியும் தளர்ந்த தோலில் வாசல் திறக்கின்றன. உள்ளே புகுந்த இழைகள் மேல்தோலின் உயிருள்ள அடுக்கில் பரவுகின்றன. அவற்றை எதிர்க்க விரையும் வெள்ளணுக்கள் அடியில் சீழாகத் தேங்க, அதற்கும் கீழே உடல் புதிய மேல்தோல் ஒன்றை உருவாக்குகிறது. மயிர்க்கால்களில் பதுங்கியிருக்கும் இழைகள் அப்புதிய தோலையும் தாக்குகின்றன. இவ்வாறு தோலும் சீழும் மாறி மாறி அடுக்கப்பட்டே இந்நோய்க்குரிய தடித்த பொருக்கு உண்டாகிறது. பொருக்கு தடிப்பது புண் ஆறுவதன் அடையாளம் என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில், தாக்குதல் மீண்டும் மீண்டும் நடந்திருக்கிறது என்பதற்கே அது சான்றாகும்.

செவலைக் குதிரை சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்ட நாளில் அதன் முதுகும், இடுப்பின் மேற்பகுதியும், மழைநீர் வழிந்திறங்கும் விலாவின் கோடுகளும் பொருக்கு மண்டிக் கிடந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் மயிர் குத்துக்குத்தாகச் சிலிர்த்திருப்பதாக மட்டுமே தோன்றிற்று. உள்ளங்கையைப் படியவைத்துத் தடவியபோதுதான் மயிருக்கு அடியில் பயறளவிலும் அதற்குப் பெரிதாகவும் கட்டிகட்டியாகத் தட்டுப்பட்டது. ஒரு குத்து மயிரை மெல்லப் பற்றியதும் அது பொருக்கோடு சேர்ந்து அப்படியே கையோடு வந்தது. பொருக்கின் அடிப்பக்கம் குழிந்து ஈரமாக இருந்தது. மயிர்களின் வேர்முனைகள் அதனை ஊடுருவி மறுபக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. அது பெயர்ந்த இடத்தில் இளஞ்சிவப்பான தோலின்மீது மஞ்சளும் பச்சையும் கலந்த சீழ் மெல்லிய படலமாகப் பூத்திருந்தது. குதிரை அரிப்பெடுத்துச் சுவரில் உரசவில்லை. தொட்ட இடத்தில் வலியால் தோலைச் சுண்டி, செவிகளைப் பின்னுக்கு மடித்தது. வெள்ளைக் கால்களில், குளம்புக்குச் சற்று மேலே பின்புறமாக அமைந்த குழிவில், தோல் குறுக்காக வெடித்து, கால் வீங்கி, நடை சற்றே தடுமாறியது.

அதுவரை அளிக்கப்பட்ட சிகிச்சைகளின் வரலாறு நீண்டது. முதலில் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசப்பட்டன. பின்னர், மனிதரின் படர்தாமரைக்கென மருந்துக்கடை ஒன்றில் கொடுக்கப்பட்ட கலவைக் களிம்பு பல நாள் தடவப்பட்டது. இடையிடையே ஊசிகளும் போடப்பட்டன. ஆனால் புண் சற்று வாடியதும் அவை நிறுத்தப்பட்டன. குதிரையின் உரிமையாளர் தம் அனுபவத்தைத் தொகுத்து, “மருந்து போட்டா உள்ளே போயிடுது, மழை வந்தா வெளியே வந்துடுது, டாக்டர்” என்று சொன்னார். நோய் உள்ளே போவதில்லையாயினும், மழைக்கும் அதன் எழுச்சிக்கும் உள்ள தொடர்பை அவர் மிகச் சரியாகக் கவனித்திருந்தார் என்பதை மருத்துவர் அப்பொழுதே குறித்துக்கொண்டார்.

முந்தைய முயற்சிகள் பலனளிக்காததற்குக் காரணங்கள் தெளிவானவை. பொருக்கின்மேல் பூசிய எண்ணெய், மருந்தாக அடிவரை இறங்காமல், கீழுள்ள ஈரம் ஆவியாகாதபடி மூடிவிடுகிறது. களிம்பிலிருந்த ஸ்டீராய்டு, அதாவது அழற்சியை அடக்கும் இயக்குநீர் வகை மருந்து, சிவப்பையும் வீக்கத்தையும் சில நாள் தணித்துக்காட்டினாலும், கிருமியை எதிர்க்கும் தோலின் ஆற்றலையும் சேர்த்தே தணித்தது. அதில் கலந்திருந்த பூஞ்சைக்கொல்லிக்கு இங்கே வேலையே இல்லை. ஊசி மருந்து பொருத்தமானதாகவே இருந்திருக்கக்கூடும். ஆனால் அரைகுறையாக நின்ற ஊசியும், அகற்றப்படாத பொருக்கும், உலராத முதுகும் சேர்ந்தால் எந்த மருந்தும் தோற்றுத்தான் போகும்.

கண்ணால் கண்டதை மட்டும் நம்பிச் சிகிச்சையைத் தொடங்குவது, இத்தனை முறை திரும்பிவந்த நோயில் தகாது. குதிரையின் தோலில் புண்ணுண்டாக்கும் பிற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கவேண்டியிருந்தது. அவற்றுள் மிகக் கொடியது கிளாண்டர்ஸ் நோயின் தோல்வடிவம். நிணநீர்க்குழாய்களின் தடத்தில் முடிச்சு முடிச்சாகக் கட்டிகள் எழுந்து, உடைந்து, பிசுபிசுப்பான நீர் வடியும் இந்நோய் மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடியது. இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்கீழ் இதனை அரசுக்கு அறிவிப்பது கட்டாயம். சந்தேகத்துக்குரிய குதிரையின் இரத்தமாதிரி, அரியானாவின் ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் சோதிக்கப்படுகிறது. செவலைக்கு அத்தகைய முடிச்சுகளோ, மூக்கில் சளியோ, காய்ச்சலோ இல்லை. கால்களை மட்டும் பற்றும் கோரியாப்டிஸ் என்னும் நுண்ணுண்ணியாக இருந்தால் குதிரை காலைத் தரையில் உதைத்து உதைத்து அரிப்பைக் காட்டியிருக்கும். கல்லீரல் கெட்டதால் வெள்ளைத் தோல் மட்டும் வெயிலில் வெந்துபோகும் நோயாக இருந்தால் செவலை நிற முதுகு தப்பியிருக்கும். பூஞ்சையைக் காண, சுரண்டியெடுத்த மயிரும் செதிலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துப் பார்க்கப்பட்டன. அதில் பூஞ்சை வித்துகள் தென்படவில்லை.

முடிவான சான்று பொருக்கிலிருந்தே கிடைத்தது. புதிதாகப் பெயர்ந்த பொருக்கு ஒன்றைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, கண்ணாடிச் சில்லின்மேல் ஒரு துளி உப்புநீரில் மசித்து, மெல்லப் பரப்பி உலரவிட்டு, ஜீம்சா என்னும் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தபோது, நீலஞ்சார்ந்த ஊதா நிறத்தில் கிளைவிட்ட இழைகளும், அவ்விழைகளுக்குள் உருண்டைச் செல்கள் இணையான வரிசைகளாக, தண்டவாளம்போல நெடுக ஓடுவதும் காணப்பட்டன. வேறெந்தத் தோற்கிருமியும் இந்த அமைப்பைக் காட்டுவதில்லை என்பதால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குக் காத்திராமல் அன்றே நோய் உறுதிசெய்யப்பட்டது.

சிகிச்சையின் முதற்படி மயிர் கத்தரித்தல். நோயுற்ற பகுதிகளிலும், குளம்புக்கு மேலான குழிவுகளிலும் நீண்ட மயிர் நறுக்கப்பட்டதால், மருந்து தோலை எட்டவும் ஈரம் விரைவில் வெளியேறவும் வழி பிறந்தது. அடுத்தது பொருக்கை அகற்றுதல். உலர்ந்த பொருக்கைப் பிய்த்தெடுத்தால் குதிரைக்குக் கடும் வலியும் குருதிக்கசிவும் உண்டாகும். புதிய புண்ணும் திறக்கும். ஆகவே வெதுவெதுப்பான நீரில் குளோர்ஹெக்சிடின் கலந்த கழுவுமருந்தைத் தோய்த்து ஊறவைத்து, பொருக்கு தானாக இளகிக் கொடுக்கும் அளவுக்கு மட்டுமே விரல்நுனியால் நீக்கப்பட்டது. இறுக்கமாக ஒட்டியிருந்தவை மறுநாளைக்கு விடப்பட்டன. இரண்டு முதல் நான்கு சதவீதச் செறிவுள்ள இம்மருந்து, தோலில் குறைந்தது 10 நிமிடம் தங்கினாலன்றிக் கிருமியைக் கொல்வதில்லை. பூசிய கையோடு கழுவிவிட்டால் அது வெறும் குளிப்பாட்டலாகவே முடியும். பெயர்த்த பொருக்கு ஒவ்வொன்றிலும் வித்துகள் உறங்குவதால், அவையனைத்தும் காகிதத்தில் சேகரிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. நோய் அரிதாக மனிதர் தோலிலும் தொற்றும் என்பதால் கையுறை அணிவதும் விதியாக வைக்கப்பட்டது.

கழுவியபின் உலர்த்துவதே மிகுந்த பொறுமையைக் கேட்ட வேலை. நீரில் விழித்தெழும் கிருமியை நீரைக்கொண்டே கழுவுவதில் ஒரு முரண் உண்டு. கழுவிய முதுகை ஈரத்தோடு விட்டால் மருந்து கொன்றது போக எஞ்சிய வித்துகளுக்கு அது விருந்தாகிவிடும். பருத்தித் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றப்பட்டன. தேய்த்தால் புதுத்தோல் உரியும் என்பதால் ஒற்றி எடுப்பது மட்டுமே அனுமதிக்கப்பட்டது. வெயில் முகம் காட்டிய நாள்களில் குதிரை வெயிலில் நிறுத்தப்பட்டது. காட்டாத நாள்களில் உரிமையாளரின் மனைவியும் மகனும் துண்டுகளை அடுப்பருகே காயவைத்து மாற்றி மாற்றிக் கொடுத்தனர். கால்களின் வெடிப்புகளுக்கு, மடிப்புகளை விரித்து உலர்த்திய பிறகே மருந்து இடப்பட்டது.

உடல் முழுவதும் பரவியிருந்ததாலும் கால் வீங்கியிருந்ததாலும், உள்மருந்தாகப் புரோகெயின் பெனிசிலின் ஊசியும் தேவைப்பட்டது. எடை பார்க்கும் மேடை இல்லாத இடங்களில், குதிரையின் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, பின்னர் தோள்முனையிலிருந்து புட்டமுனை வரையிலான நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோகிராமில் ஏறத்தாழக் கிடைக்கும். சுற்றளவு 140-ம் நீளம் 125-ம் உள்ள ஒரு மட்டக்குதிரை, இக்கணக்கின்படி ஏறக்குறைய 206 கிலோ எடையுள்ளது. கிலோவுக்கு 22,000 யூனிட் என்ற அளவில் அதற்கு ஒரு வேளைக்கு 45 லட்சம் யூனிட் வரை செலுத்தவேண்டும். அதனை நாளுக்கு இரு வேளையாக ஒரு வாரமேனும் தொடர வேண்டும். ஊசிமுனை இரத்தக்குழாயில் இறங்கினால் புரோகெயின் குதிரையை வெறிகொண்டாற்போல் துள்ளவைக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் பின்னிழுத்துப் பார்த்துவிட்டே மருந்து தசையில் செலுத்தப்பட்டது. இந்தக் கிருமி பெனிசிலினுக்குப் பொதுவாகக் கட்டுப்படக்கூடியது. செவலையின் உடலிலும் அவ்வாறே கட்டுப்பட்டது. முதுகின் சீழ் வற்றி, சிவந்த தோல் சாம்பல் நிறத்துக்குத் திரும்பிற்று.

அதன்பின்னும் நோய் முற்றிலும் விடவில்லை. சேணம் படியும் இடத்தில் புதிய பொருக்குகள் தலைகாட்டின. மருந்தை மாற்றுவதா என்ற கேள்வி எழுந்தபோது, மருத்துவர் மருந்தை மாற்றாமல் குதிரையின் ஒருநாள் வாழ்க்கையை முதலிலிருந்து கடைசிவரை உடனிருந்து கவனிக்க முடிவுசெய்தார். இரவில் அது நின்ற தகரக்கொட்டகையின் தரை மண்தரை. மேட்டிலிருந்து வழியும் நீர் அதன் பின்பகுதியிலேயே தேங்கிற்று, வெள்ளைக் கால்கள் இரவெல்லாம் அந்தச் சேற்றில் நின்றன. குளிருக்குப் பாதுகாப்பென்று முதுகில் போர்த்திய பிளாஸ்டிக் தாள், உடற்சூட்டில் எழும் ஆவியைத் திரும்பவும் மயிரிலேயே இறக்கியது. சேணத்துக்கு அடியில் விரிக்கும் கம்பளி, முந்தைய நாளின் வியர்வையும் மழையும் காயாமலே காலையில் மீண்டும் முதுகேறியது; அக்கம்பளியையும், குதிரையைத் தேய்க்கும் பிரஷையும் பக்கத்துக் கொட்டகைக் குதிரைகளும் பகிர்ந்துகொண்டன. அவற்றுள் சிலவற்றின் முதுகிலும் கையை வைத்தால் அதே கட்டிகள் தட்டுப்பட்டன.

மாற்றங்கள் எளியவை; ஆனால் அவற்றுக்கு உழைப்பும் செலவும் வேண்டியிருந்தன. தரை கல் பரப்பி உயர்த்தப்பட்டு, நீர் வழிந்தோடச் சிறுவாய்க்கால் வெட்டப்பட்டது. பிளாஸ்டிக் தாளுக்கு மாற்றாக, குதிரை உலர்ந்தபின் மட்டும் போர்த்தும் சாக்கு வந்தது. கம்பளியும் பிரஷும் கொதிநீரில் அலசப்பட்டுக் காயவைக்கப்பட்டன. ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனி என்ற ஒழுங்கு ஏற்பட்டது. நோய்கண்ட பக்கத்துக் குதிரைகளுக்கும் சிகிச்சை தொடங்கியது. எல்லாவற்றிலும் கடினமானது ஓய்வு. விடுமுறைக் கூட்டம் வரும் நாள்களில் சவாரி இல்லையென்றால் வீட்டில் அடுப்பெரிவது கடினம். கொள்ளும் தவிடும் வாங்கும் பணமும் அந்தச் சவாரியிலிருந்தே வரவேண்டும். இதனை உணர்ந்த சக குதிரைக்காரர்கள், செவலையின் உரிமையாளர் தங்கள் குதிரைகளை முறைவைத்து ஓட்டிக் கூலி பெற இடங்கொடுத்தார்கள். இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால், முழுதும் ஆறாத முதுகில் சேணம் மீண்டும் ஏறியிருக்கும். சிகிச்சையும் முதற்படிக்கே திரும்பியிருக்கும்.

குணமடைதல் ஓர் ஒழுங்கோடு நிகழ்ந்தது. விலாவில் முதலில் மயிர் முளைத்தது. பின்னர் இடுப்பும், இறுதியாகச் சேணம் படியும் இடமும் மூடின. நோய் மேல்தோலைத் தாண்டி ஆழம் செல்லாததால் தழும்பு நிற்கவில்லை. நிறமற்ற தோலும், தரைக்கு அண்மையும், மடிப்பும் கொண்ட பின்னங்கால்கள் எல்லாவற்றுக்கும் பிந்தி ஆறின. அங்கு மட்டும் மழை ஓயும்வரை கழுவி உலர்த்துதல் தொடர்ந்தது. அடுத்த பருவமழையில் ஓரிரு பொருக்குகள் தோன்றியபோது உரிமையாளரே கையால் தடவிக் கண்டுபிடித்து, களிம்பு தேடாமல் முதலில் கம்பளியைக் காயவைத்தார். அவை பரவாமல் உதிர்ந்தன.

பிடிவாதமான தோல்நோய் என்று சொல்லப்படுவதில் பிடிவாதம் பெரும்பாலும் கிருமியினுடையதன்று என்பதே இவ்வனுபவத்திலிருந்து இக்கட்டுரையாளர் பெற்ற தெளிவு. செவலையைப் பற்றிய கிருமி பழைய, எளிய மருந்துக்கே பணிந்தது. பணியாமல் நின்றவை சேற்றுத் தரையும், காயாத கம்பளியும், ஓய்வுக்கு இடந்தராத பிழைப்பும். ஆகையால் மலைக்குதிரைக்கு எழுதப்படும் மருந்துச்சீட்டில், மருந்தின் பெயருக்கு முன்பாக, அது இரவில் எங்கே நிற்கும், முதுகில் எது படும், எத்தனை நாள் சேணமின்றி இருக்கும், அந்நாள்களில் வீட்டுச் செலவுக்கு என்ன வழி ஆகிய கேள்விகளுக்கு விடை இருக்கவேண்டும். குதிரைகள் சவாரிக்குக் காத்து நிற்கும் இடங்களில் ஒரு கூரையும், நீர் தேங்காத கல்தளமும், சேணத்துணிகளைக் காயவைக்க ஒரு கொடியும் அமைப்பதற்கு ஆகும் செலவு பெரிதன்று. மழைக்கு முன்பாக அவற்றைச் செய்து தருவது, மலைக்கு வரும் விருந்தினர்களின் மகிழ்ச்சிக்காக நாள்முழுதும் நனையும் விலங்குகளுக்கும், அவற்றை நம்பி வாழும் குடும்பங்களுக்கும் ஊரார் செலுத்தவேண்டிய கடனாகும்.